தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல்

ஆஷ்லின் அப்பாவுக்கு,

அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். லைட் சுவிட்சையும் தொடாதீர்கள். அடுப்படித் தரையெல்லாம் பெட்ரோல் கொட்டிக் கிடக்கிறது.

மொத்தக் கடை கார்டைக் காட்டினால் செவ்வாய்க்கிழமை மட்டும் பெட்ரோல் விலை குறைவு என்று காளவாசல் பங்க்குக்குப் போய் வண்டி டேங்க் நிறைய அடித்தீர்கள். வீட்டில் டியூப் விட்டு உறிஞ்சித் தண்ணீர் பாட்டிலில் பிடித்துவிட்டு, மறுபடியும் அடிக்க ஓடினீர்கள். அந்தப் பாட்டிலைத்தான் பிள்ளை எடுத்துக் குடித்துவிட்டாள்.

"சின்னப்புள்ள இருக்கிற வீட்டுல வேணாங்க"ன்னு முதல் தடவையே சொன்னேன். "மிச்சம் பிடிக்கிற அம்புட்டும் அவ ஸ்கூல் பீசுக்குத்தான்டி"ன்னு என் வாயை அடைத்தீர்கள்.

விடாமல் இருமுகிறாள், மூச்சு இழுக்கிறது. பக்கத்து வீட்டு முத்துத்தாய் அக்கா ஆட்டோ பிடித்துவிட்டார்கள். பெரியாஸ்பத்திரிக்குப் போகிறோம். உங்கள் போன் கட்டிலிலேயே கிடக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். பீரோ மேல்தட்டில் காப்பீட்டு அட்டை இருக்கிறது, எடுத்து வாருங்கள். சோறு வடிக்கவில்லை.

பெர்சி

இன்னொன்று. பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் வைத்தது யாரென்று அங்கே கேட்பார்கள். நான்தான் வைத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் வந்து எதையும் உளறாதீர்கள். அவள் அப்பா அப்பா என்றுதான் அழுகிறாள். சீக்கிரம் வாங்க.