மழைக்காரரின் வசனம்

அன்புள்ள கத்திரிக்கு,

நீயும் உன் அக்காவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். எனக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொன்று அடுத்த மாதம். இருபத்தெட்டு வருஷம் ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுக் கொடுத்தவன், இப்போது என் கடை எழுத்துப் பலகையிலேயே மூன்றாவது வரியில் திணறுகிறேன். அதனால் இந்தக் கடிதத்தின் வரிகள் மேலும் கீழும் போகும். பத்திரிகையில் பிழைதிருத்தியே தலை நரைத்தவன் கையில் இது கிடைக்கப்போகிறது என்று தெரியும். சிவப்புப் பேனாவைக் கொஞ்ச நேரம் மூடி வை.

நாலு வருஷம் முகம் கொடுத்துப் பேசாதவனுக்கு இப்போது என்ன திடீர்க் கரிசனம் என்று நினைப்பாய். இரண்டு முறை உன் எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். பேச்சில் நான் மழுப்பிவிடுவேன். எழுத்தில் மழுப்பினால் நீ கண்டுபிடித்துவிடுவாய்.

விஷயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை என் மகள் உன்னைப் பார்க்க ரயில் ஏறி வருகிறாள். அவள் அம்மா சாகும்போது கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்கப்போகிறாள். அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தது நாம் இரண்டு பேர்தான். நான் மகளிடம் சொன்னதும் உனக்குத் தெரியும், நடந்ததும் உனக்குத் தெரியும்.

ஏன் இப்போது கேட்கிறாள் என்று சொல்ல வேண்டுமென்றால் என் அபிமான டைரக்டர் மழைக்காரரிலிருந்து தொடங்க வேண்டும். போன வருஷம் அவர் போய்ச் சேர்ந்த செய்தியைப் படித்ததும் முதலில் உன் ஞாபகம்தான் வந்தது. கல்யாணம் என்றாலும் மழை, சாவு என்றாலும் மழை, கதாநாயகனுக்கு வேலை போனாலும் மழை. அவர் படத்துக்கு முதல் நன்றி தண்ணீர் லாரி ஓட்டுநருக்குத்தான் போட வேண்டும் என்பாய். உன் ஆள் மட்டும் என்னவாம், நாற்காலிக்காரர். கேமராவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிற மனிதர், திரும்பி வருவதற்குள் படம் முடிந்துவிடும் என்று நான் சொல்வேன். சனிக்கிழமை மதியக் காட்சி விட்டு வந்து, பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டே எத்தனை பேருந்துகளைத் தவறவிட்டிருப்போம். எந்தப் படமானாலும் இருபது நிமிஷம் வெட்ட வேண்டும் என்பாய், அதனால் நீ கத்திரி. எந்தப் படமானாலும் அழுதுவிடுவேன், அதனால் நான் கைக்குட்டை. வீட்டுக்கு வந்தும் சண்டை ஓயாது. என் வீட்டுக்காரி, அதாவது உன் தங்கச்சி, சமையலறையிலிருந்து, உங்க ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு டைரக்டரைக் கட்டி வச்சிருக்கலாம், நான் எங்கேயாவது நிம்மதியா இருந்திருப்பேன் என்பாள். உன் தங்கச்சியாக இருந்தும், படம் பார்க்க அவளை ஒரு நாளும் வரவைக்க முடிந்ததில்லை.

அணைக்கட்டுப் படம் ஞாபகம் இருக்கிறதா? அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், வெள்ளத்தில் அணை உடையாமல் மகன் காவல் நிற்கிறான். ஆள் அனுப்பவா என்று கேட்கிறார்கள். பிள்ளை வேலைய முடிச்சுட்டு வரட்டும், தொந்தரவு பண்ணாதீங்க என்று சொல்லிவிட்டு அப்பா கண்ணை மூடுகிறார். வெளியே மழை. நான் பத்துத் தடவை பார்த்தேன், பத்துத் தடவையும் அழுதேன். நீ மட்டும், சாகப்போறவன் வசனம் பேசமாட்டான்டா, தண்ணி கேப்பான் என்றாய். தண்ணி கேக்குறதப் பாக்க நான் எதுக்கு டிக்கெட் எடுக்கணும், ஆஸ்பத்திரிக்குப் போனா சும்மாவே பாக்கலாமே என்று நான் திருப்பிக் கொடுத்தேன். எவ்வளவு திமிர் எனக்கு. பிறகு சும்மாவே பார்த்தேன்.

உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். ஏழு வருஷமாக யாரிடமும் சொல்லாததை ஒரு தடவையாவது வரிசையாக எழுதிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தத் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் உன் தங்கச்சி என்னிடம், பாப்பாவ வரச் சொல்லுங்க என்றாள். மகள் அப்போது சினிமாப் படிப்பின் கடைசிப் படத்தை எடுத்துக்கொண்டிருந்தாள், இன்னும் ஆறு நாள் படப்பிடிப்பு. டாக்டர் மூன்று வாரம் தாங்கும் என்று சொல்லியிருந்தார். ஆறு நாள்தானே, முடிச்சுட்டு வந்துடுவா என்றேன். செவ்வாய்க்கிழமை மறுபடி கேட்டாள். புதன்கிழமை காலையில், உங்களுக்கு சினிமா பெரிசா நான் பெரிசா என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அதற்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மகளோ தினமும் சாயங்காலம் போனில் விசாரித்தாள், அம்மா நல்லா இருக்கா, நீ வேலையப் பாரு என்றேன். டாக்டர் பேச்சை நம்பியது பாதிதான். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் எடுத்ததைப் பார்த்து அழுதவன் வீட்டிலிருந்து ஒரு இயக்குநர் வரப்போகிறாள் என்கிற ஆசை மீதி.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு உன் தங்கச்சி போய்விட்டாள். மத்தியானம் மகள் வராந்தாவில் வந்து நின்றபோது படப்பிடிப்புத் தொப்பியைக் கூடக் கழற்றியிருக்கவில்லை. அம்மா என்னைக் கேட்டாங்களாப்பா என்றாள். நீ ஃபிளாஸ்க்கோடு இரண்டடி தள்ளி நின்றாய். கேக்கலம்மா, பிள்ளை வேலைய முடிச்சுட்டு வரட்டும், தொந்தரவு பண்ணாதீங்கன்னுதான் சொன்னா என்றேன். பொய் சொல்ல வேண்டி வந்த நேரத்தில் எனக்கென்று ஒரு வாக்கியம்கூட இல்லை. பத்துத் தடவை அழுதது வாயில் வந்து நின்றது. நீ என்னைப் பார்த்தாய், பிறகு ஃபிளாஸ்க்கைக் கழுவப் போனாய்.

மூன்று வருஷம் கழித்து மகளின் முதல் படத்தில் வருகிற அம்மா அதே வார்த்தைகளைச் சொல்லிவிட்டுச் சாகிறாள். எனக்கு முன்கூட்டியே காட்டவில்லை, ஆச்சரியம் தர வேண்டுமாம். அரங்கம் முழுக்க மூக்கை உறிஞ்சுகிறது, கைக்குட்டை என்று பெயர் வாங்கியவன் கண்ணில் மட்டும் சொட்டுத் தண்ணீர் இல்லை. வெளியே வந்ததும், எப்படிப்பா இருக்கு என்று என் முகத்தையே பார்த்தாள். ஒளிப்பதிவு நல்லா இருக்கும்மா என்றேன். படம் தேறவில்லை என்பதை நாம் அப்படித்தான் சொல்வோம் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள் அவள். அப்படியே முகம் வாடிப்போயிற்று. அடுத்த வாரம் உன் பத்திரிகையில் நீ எழுதிய விமர்சனம் வந்தது. எல்லாவற்றையும் பாராட்டிவிட்டு, அந்தக் கடைசி வசனம் மட்டும் காதால் கேட்டு எழுதியது அல்ல, திரையில் பார்த்து எழுதியது என்று முடித்திருந்தாய். அவளுடைய நிஜ அம்மாவின் சொல்லைத் திருட்டு என்கிறாரே கத்திரி மாமா என்று அவள் அழுதாள். அவளுக்காகக் கோபப்படுவதுபோல் உன்னிடம் வந்து, இனிமேல் என் வாசல் படி ஏறாதே என்றேன். எதற்காக என்று உனக்கும் தெரியும்.

இப்போது மழைக்காரர் நினைவாகப் பழைய படங்களைத் திரையிட்டு, பேச இவளை அழைத்திருக்கிறார்கள். அணைக்கட்டுப் படத்தை முதல் தடவையாகப் பார்த்திருக்கிறாள். வெளியே வந்த கையோடு எனக்குப் போன். அம்மா இந்தப் படத்தப் பாத்திருக்காங்களாப்பா என்று கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை, இன்னொரு பொய்யாக, ஆமாம்மா, ரெண்டு பேரும் சேர்ந்துதான் பாத்தோம் என்றேன். பிறகு, மாமா அப்ப ஆஸ்பத்திரிலதானே இருந்தாங்க, நான் அவங்களப் போய்ப் பாக்குறேன் என்றாள்.

அவளுக்கு என்னை விட்டால் யாருமில்லை, எனக்கும் அப்படித்தான். அவள் கேட்டால், தூரத்தில் நின்றேன், சரியாகக் காதில் விழவில்லை என்று சொல்லிவிடு. உன் வாழ்க்கையில் ஒரே ஒரு தப்பைத் திருத்தாமல் விட்டுவிடு. இதைக் கேட்கத்தான் எழுதத் தொடங்கினேன்.

(இரண்டு நாள் கழித்துத் தொடர்கிறேன்.)

மேலே இருப்பதை அடிக்கவில்லை. நான் என்ன கேட்டேன் என்பதும் உனக்குத் தெரியட்டும். உறையில் போட்டு ஒட்டுவதற்கு முன்னால் நேற்று அவள் மறுபடி கூப்பிட்டாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். மெல்லிய குரலில், அம்மா கடைசியாச் சொன்னது ஒரு படத்து வசனம்னா, எனக்குன்னு சொந்தமா அவங்க ஒண்ணுமே சொல்லலையாப்பா என்று கேட்டாள். கடையில் ஒருவருக்கு மூக்கில் சட்டம் மாட்டி அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பேசுறேம்மா என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த மனிதருக்கு மூன்று தடவை அளந்தும் மூன்றும் வேறு வேறாக வந்தது, நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிட்டு ஷட்டரை இறக்கினேன்.

பயந்துபோய் ஒளித்து வைத்தது என் தப்பைத்தான் என்று ஏழு வருஷமாக நினைத்திருந்தேன். பாப்பாவ வரச் சொல்லுங்க, பாப்பா வந்தாச்சா, சத்தம் கேக்குதே பாப்பாவா பாருங்க. இதெல்லாம் அவளுக்காக அவள் அம்மா சொன்னது. அத்தனையும் எடுத்து வைத்துக்கொண்டு, பதிலுக்கு யாரோ எழுதிய ஒரு வரியைக் கொடுத்திருக்கிறேன். அவளும் அதை அம்மாவின் கட்டளையாகப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் ஓய்வில்லாமல் ஓடுகிறாள். என் கண் ஆபரேஷனுக்கு வர முடியவில்லை, வேலைய முடிச்சுட்டு வரேம்பா என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் ஏது.

இன்று காலையில் அவளைக் கூப்பிட்டு, மாமா வீட்டுக்கு நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்கவில்லை, டிக்கெட்டை இரண்டாக மாற்றுகிறேன் என்று மட்டும் சொன்னாள். திங்கட்கிழமை முதல் வெள்ளிக்கிழமை வரை நடந்ததை உன் எதிரில் நானே அவளுக்குச் சொல்கிறேன். தனியாகச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. நடுவில் நான் எதையாவது மென்று விழுங்கினால் விடாதே. கேட்டுவிட்டு அவள் எழுந்து போனால் நான் பின்னால் ஓட மாட்டேன், நீ போ. நீ கூப்பிட்டால் நிற்பாள். உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதும் இருக்கிறது, அது இந்தத் தாளில் அடங்காது.

இன்னொன்றும் இருக்கிறது, அது உன்னால் மட்டும்தான் ஆகும். புதனும் வியாழனும் சாயங்காலங்களில் நான் கடைக்குப் போய்விட்டு வரும்வரை நீதான் உன் தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். என்னோடு பேசாதவள் உன்னோடு பேசினாள். கதவைத் திறக்கும்போது இரண்டு தடவையும் பேச்சை நிறுத்தினாள். என்ன சொன்னாள் என்று நான் இந்த ஏழு வருஷத்தில் உன்னைக் கேட்கவே இல்லை, நீயாகவும் சொல்லவில்லை. இப்போதும் எனக்குச் சொல்ல வேண்டாம். மகளுக்குச் சொல். தங்கச்சி எந்த வார்த்தையில் சொன்னாளோ அதே வார்த்தையில், எதையும் வெட்டாமல் சொல். என்னைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால் அதையும் சேர்த்துச் சொல். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

உன் அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல். ரயில் காலை பதினோரு மணிக்கு வருமாம். நீ ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், வீட்டிலேயே இரு.

உன்,
கைக்குட்டை