அம்மாச் செடியில் ஒரு குண்டன்

மார்ச் 4

மனைவி லிப்ட் பழுது பார்ப்பவள்; ஒரு மாதப் பயிற்சி என்று வெளியூர் போயிருக்கிறாள். எனக்கு விட்டுச்சென்ற பொறுப்பு ஒன்றே ஒன்று: பால்கனித் தொட்டியில் நிற்கும் அரளி. மாமியார் காலமானதும் அவர் வீட்டு வாசலில் குச்சி ஒடித்து வந்து இவள் வளர்த்தது. அதைச் செடி என்று சொன்னால் இவளுக்குப் பிடிக்காது. போனில் முதல் கேள்வியே, "அம்மா எப்படி இருக்காங்க?"

"ஜம்முனு இருக்காங்க."

இன்றைக்கு அது உண்மைதான்.

மார்ச் 7

நுனி இலையில் ஒரு பொடிப் புழு. வால் பக்கம் கறுப்பாக ஒரு கொம்பு. கொம்பைக் கொண்டுபோய்ப் பின்னால் வைத்தது யார் யோசனை? நாளைக்கு எடுத்துப் போட்டுவிடலாம்.

மார்ச் 12

நாளைக்கு, நாளைக்கு என்று இருந்தது தப்பு. ஒரு கிளை மொத்தமும் காலி. அரளி இலையை நாம் தின்றால் நேரே மேலோகம். இவன் தின்று கொழுக்கிறான். குண்டன் என்று பெயரே வைத்துவிட்டேன்.

நான் பல்செட் செய்கிறவன். மெல்லுவதைப் பார்த்தால் என்னால் நகர முடியாது. பல்லே இல்லை, தாடை பக்கவாட்டில் திறந்து மூடுகிறது, ஆனாலும் இலை ஓரத்தில் ஒரு பிசிறு கிடையாது. நான் செய்து கொடுத்த பல்செட்டில் ஒருத்தராவது இப்படிச் சாப்பிட்டிருப்பார்களா? சந்தேகம்தான்.

மார்ச் 15

இன்று முடித்துவிடுவது என்று லேபிலிருந்து இடுக்கியைக் கொண்டுவந்தேன். தொட்டதும் குண்டன் தலையை உள்ளே இழுத்தான். கழுத்து உப்பியது. இரண்டு நீலக் கண்கள் என்னை முறைத்தன. இடுக்கியைக் கீழே போட்டுவிட்டேன்.

பார்க்க வந்த மைத்துனன் சிரித்தான். "கண்ணு இல்ல மாமா, சும்மா புள்ளி. பயமுறுத்துறதுக்கு. இது அந்துப்பூச்சியாகும். கூடு கட்டிக் கிளையில தொங்கும், பாருங்க."

புள்ளியோ என்னவோ, அவன் அக்காவைத் தவிர யாரும் என்னை அப்படி முறைத்ததில்லை. இனி என்னால் ஆகாது.

மார்ச் 17

"அம்மா போட்டோ அனுப்புங்களேன்" என்றாள். போன வருடம் பூத்தபோது எடுத்ததை அனுப்பினேன். "எவ்ளோ அழகு" என்று பதில் வந்தது.

மார்ச் 19

குண்டனுக்கு என்னவோ ஆகிவிட்டது. பச்சை போய் உடம்பெல்லாம் பழுப்பு. இலையைத் தொடவில்லை. தண்டில் இறங்குகிறான், தரையில் அலைகிறான், தூக்கி மேலே விட்டால் மறுபடி இறங்குகிறான். கூடும் கட்டக் காணோம். அரளி விஷம் இப்போதுதான் வேலை காட்டுகிறதா?

மார்ச் 20

தொட்டி மண்ணில் சுருங்கிக் கிடந்தான். அசைவே இல்லை. மைத்துனன் குனிந்து பார்த்துவிட்டு, "முடிஞ்சுது மாமா" என்றான்.

அங்கேயே, அரளியின் அடியில், கொஞ்சம் மண்ணும் சருகும் போட்டு மூடினோம். செடியையும் மொட்டையடித்துவிட்டு இவனும் போய்விட்டான். நான் இப்போது அவளிடம் என்னத்தைச் சொல்ல? ஒரு புழுவுக்குப் போய் அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஏப்ரல் 1

வந்துவிட்டாள். பையைக்கூட இறக்காமல் பால்கனிக்குத்தான் போனாள். வெறும் கொம்புகளைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள்.

"செடி போனாப் போகுது. தினம் தினம் என்கிட்ட எப்படிங்க பொய் சொல்ல முடிஞ்சுது?"

அவள் தோளிலிருந்த பையை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

ஏப்ரல் 4

பேச்சு இல்லை. சாப்பாட்டுத் தட்டு மட்டும் மேஜையில் 'ணங்'கென்று பேசுகிறது.

ஏப்ரல் 8

சாயங்காலம் பால்கனியிலிருந்து குரல். "இங்க வாங்க." ஒரு வாரத்தில் முதல் வார்த்தை.

தொட்டி விளிம்பில் கசங்கிய துணி மாதிரி ஒன்று. பார்க்கப் பார்க்க இறக்கை விரிந்தது: கரும்பச்சை, இளம்பச்சை, நடுவே வெளிர் ரோஜா நிறம். கீழே சருகுக்குள் உடைந்த கூட்டின் ஓடு. தொங்கும் ஜாதி இல்லை போலிருக்கிறது, மண்ணில் படுக்கும் ஜாதி.

"இது யாரு?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். இடுக்கி, நீலக் கண், பழைய போட்டோ, அடக்கம்.

"உசிரோட இருந்ததையா பொதைச்சீங்க? ரெண்டு பேருமா?" சிரிக்க ஆரம்பித்தவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இருட்டியதும் குண்டன் இறக்கையை உதறிக்கொண்டு பறந்தான். அதன்பிறகுதான் சொன்னாள், கணுக்களில் பச்சை முளை கட்டியிருப்பதை வந்த அன்றே பார்த்தாளாம். "கோவம் செடிக்காக இல்ல. இனிமே எதுவானாலும் ஆனதைச் சொல்லுங்க."

ஜூலை 2

பயிற்சியின் இரண்டாம் பாகத்துக்குப் போயிருக்கிறாள். போகுமுன் அரளி இலையடியில் பச்சை முட்டைகளைக் கண்டுபிடித்து, நர்சரியில் இன்னொரு அரளி வாங்கி வந்து, இலையோடு வெட்டி அதில் மாற்றினாள். "இது அவங்களுக்கு. அது அம்மா."

ஜூலை 19

"அம்மா எப்படி இருக்காங்க?"

"புதுச் செடியில ஒரு இலை பாக்கியில்ல. பெரியவன் ஒருத்தன் அம்மா மேல ஏறிட்டான். துளிரெல்லாம் போச்சு. எடுத்துடவா?"



"இன்னும் பசியா இருக்கானா?"

"அகோரப் பசி."

"அப்ப விடுங்க. அம்மா யாரையும் பாதிச் சாப்பாட்டுல எழுப்பினதில்ல."