புங்கமரத்துக்குக் காவலாக ஒரு குழவிக்கல்

ஆடி 4, வியாழன்
விடிந்ததிலிருந்து காற்று. கொடியில் போட்ட துணி இரண்டு முறை தெருவுக்குப் போய்த் திரும்பியது. ரேஷனில் மண்ணெண்ணெய் இல்லை. நாளைக்கு வரச் சொன்னான். போன வாரமும் இதே நாளைக்குத்தான்.

குழாயடியில் கேட்டது: முக்கில் இருக்கிற புங்கமரத்தை ஞாயிற்றுக்கிழமை வெட்டுகிறார்களாம். கம்பெனி பஸ் திரும்பும்போது கிளை உரசுகிறதாம். இந்த லேஅவுட்டில் நிழல் என்று இருப்பது அது ஒன்று. பஸ்ஸுக்கு நிற்பவர்கள், குழாயில் வரிசை போடுகிறவர்கள், எல்லாரும் அதன் கீழேதான். ஏழு வருடமாக அரிசி களைந்த தண்ணீர் அதற்குத்தான் ஊற்றி வருகிறேன்.

லேஅவுட் சங்கத்துச் செகரட்டரி முனிராஜிடம் போனேன். ஒரு கிளையைக் கழித்தால் போதாதா என்று கேட்டேன்.

"மரம் வேணும்னா உங்க வாசல்ல நட்டுக்குங்க அக்கா. அந்த பஸ்சு உங்க வீட்டுக்காரரையுந்தான் ஏத்தினு போவுது."

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உனக்கேன்டி இந்த வம்பு? ஷிப்ட் முடிஞ்சு வந்தவன்கிட்ட மரம் மட்டைன்னுட்டு."

செலவு: கீரை 0.30, ஊசி 0.10.

ஆடி 5, வெள்ளி
விடியுமுன் குளியல். மிக்ஸி வந்த பிறகு மூலையில் கிடந்த ஆட்டுக்கல் குழவி, முனை உடைந்தது. தேய்த்துக் கழுவினேன். இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் நிறுத்தினேன். மஞ்சள், குங்குமம். மரத்தில் மஞ்சள் துணி ஒரு சுற்று. இடுப்பு இன்னும் வலி.

சாமி குற்றம் ஆகுமா என்று யோசனை. ஆகாது. மரத்தில் அம்மன் இல்லாமலா இருக்கிறாள்.

எட்டு மணிக்கு எதிர்வீட்டு ரத்னம்மா ஓடி வந்தாள். (அவள் வீட்டில் கன்னடம், என்னிடம் தமிழ்.) "அக்கா, முக்குல அம்மா வந்து உக்காந்திருக்கா, பாத்தீங்களா?" இல்லையே என்றேன். பொய் சொன்னதற்கு மலைக்கோயில் உண்டியலுக்கென்று வைத்திருக்கிற டப்பாவில் ரூ. 1.25 போட்டேன். என் வழக்கம் அது.

சாயங்காலம் பஸ் டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுப் போனார்.

ஆடி 7, ஞாயிறு
மரம் வெட்டும் ஆள் வந்தான், பார்த்தான், கோடாரியைச் சைக்கிளில் திரும்பக் கட்டிவிட்டான். "எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்குதுங்க சார். நீங்களே வெட்டிக்குங்க."

மரம் தப்பியது. அரை லிட்டர் பால் அதிகம் வாங்கிப் பாயசம் வைத்தேன். என்ன விசேஷம் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

ஆடி 12, வெள்ளி
மரத்தடியில் நிற்க இடமில்லை. புங்கம்மா என்று பெயரும் வைத்தாகிவிட்டது. சூடத்தை அடிமரத்தோடு ஒட்டி ஏற்றுகிறார்கள். ஒரு சாண் உயரத்துக்குப் பட்டை கருகியிருக்கிறது. மணி மாட்ட ஆணி. வளையல் மாட்ட ஆணி. வேரெல்லாம் எண்ணெய். பால் ஊற்றின பிளாஸ்டிக் கவர் அங்கேயே. நான் ஒருத்திதான் கூட்டினேன். ஒரு முறம் குப்பை.

"சூடத்தைத் தள்ளி வைங்கம்மா, மரம் கருகுது" என்றேன்.

"சாமி காரியத்துல குறுக்க பேசாதீங்க" என்றாள் ஒருத்தி. அந்தச் சாமியை இடுப்பில் சுமந்தவளிடம்.

ஆடி 14, ஞாயிறு
தூறல். சங்கக் கூட்டம் மரத்தடியில். அம்மனுக்கு ஷீட் கூரை போடப் போகிறார்களாம். கம்பம் நட இரண்டு வேர், கூரைக்கு இடைஞ்சலாக மூன்று கிளை, செவ்வாய்க்கிழமை வெட்டு. மூன்று கிளை போனால் மிச்சம் என்ன, கம்பம்தான்.

பொறுக்கவில்லை. எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அது என் வீட்டு ஆட்டுக்கல் குழவி, மரத்தை வெட்டாதிருக்க நான்தான் வைத்தேன், பிடி செருகுகிற குழி உச்சியில் இருக்கிறது, பாருங்கள் என்று.

"அந்தக் குழில தான அக்கா தெனம் பூ வெக்கிறேன்" என்றாள் ரத்னம்மா. கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "உங்க கையால வரணும்னு அவளுக்குத் தோணியிருக்கு. குடுத்து வெச்சவங்க நீங்க."

முனிராஜ் சிரித்தார். "அப்ப நன்கொடைல மொதப் பேரு அக்கா பேருதான்."

இரண்டு பேர் என் காலில் விழுந்தார்கள். வீட்டுக்காரர் எழுந்து போய்விட்டார். ராத்திரி சாப்பிட்டதும் படுத்துவிட்டார். குழம்பில் உப்பு இல்லை, அதைக்கூடச் சொல்லவில்லை.

ஆடி 15, திங்கள்
வேலை ஓடவில்லை. கல்லை எடுத்துவிடலாமா? போய் நின்றேன். கை வரவில்லை. பத்து நாளாக விளக்கு வைத்தாகிவிட்டது, நானும்தான் வைத்தேன். இனி அது குழவி இல்லை. கும்பிட்டுவிட்டு வந்தேன்.

ஆடி 16, செவ்வாய்
ஏழு மணிக்கே கோடாரிச் சத்தம். அதே ஆள், இந்தத் தடவை சாமி காரியம் என்பதால் வந்திருக்கிறான். சின்னக் கிளை ஒன்று விழுந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன்.

"கூரை வேணாம்னு சொல்லிட்டா" என்றேன்.

"யாரு சொன்னது?" என்றார் முனிராஜ்.

"அம்மா. கனவுல. வெயிலும் மழையும் மேல படணுமாம். இலை நிழல் போதுமாம்."

கனவும் இல்லை ஒன்றும் இல்லை. ராத்திரி தூங்கவே இல்லை. அவள் பேரைச் சொல்லிப் பொய் சொன்னது இதுதான் முதல் தடவை. கோடாரிக்காரன் இறங்கி வந்துவிட்டான். ரத்னம்மா, "முந்தாநேத்து உண்மைய சொன்னப்ப நம்பல, இப்ப நம்புவீங்களா?" என்று முனிராஜைக் கேட்டாள். அவள் நம்பினாளா, எனக்குக் கை கொடுத்தாளா, தெரியவில்லை.

முனிராஜ் மரத்தை அண்ணாந்து பார்த்தார். "சரி, கூரை வேணாம். வசூல் பண்ணியாச்சு, என்ன பண்றது? மரத்தைச் சுத்திச் சிமெண்ட் போட்டு டைல்ஸ் ஒட்டிடலாம். ஒரு பொட்டு மண்ணு தெரியாது, சுத்தமா இருக்கும். வெள்ளிக்கெழம மேஸ்திரி வர்றான்."

மண்ணை மூடினால் வேருக்குத் தண்ணீர் எப்படி இறங்கும். கேட்டேன். காதில் வாங்கவில்லை.

செலவு: தீப்பெட்டி 0.25. பொய்க்கு டப்பாவில் 1.25. வியாழக்கிழமை ராத்திரி வரப்போகிற கனவுக்கு இன்னொரு 1.25 தனியாக எடுத்து வைத்தேன்.