நீ தொட்ட பதிலை மாற்றியவன் நான்தான், கோதண்டம்

கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமலே ‘வாடா’ என்பவனே, என் கோதண்டம்,

நீ போய் ஏழு மாதமாகிறது. பாகூர் கடைத்தெருவில் உன் மளிகைக்கடை ஷட்டர் இன்னும் இறங்கியே இருக்கிறது. பக்கத்து பேன்சி ஸ்டோர்க்காரர் அதன் முன்னால் பிளாஸ்டிக் குடங்களை அடுக்கி வைத்திருக்கிறார். நீ இருந்தால் சத்தம் போட்டிருப்பாய். யாரையும் எதற்கும் அதட்டும் தைரியம் இப்போது எனக்கில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் பழைய மாணவி நிவேதா நினைவிருக்கிறதா? உளவியலில் ஆராய்ச்சி செய்கிறாளே, அவள்தான். தனியாக இருக்கும் வயதானவர்களின் மனநிலையைப் பற்றி நம் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து ஊர்களில் கேள்வி கேட்க வேண்டும், ஊருக்குத் தெரிந்த ஒருவர் போனால்தான் பேசுவார்கள் என்று என்னைத் தேடி வந்தாள். கையில் ஒரு டேப்லெட் கொடுத்தாள். அதில் கேள்விகள் ஒவ்வொன்றாக வரும். படிக்கத் தெரியாதவர்களுக்கு அவள் குரலிலேயே படித்துக் காட்டும். கீழே நான்கு கட்டங்கள்: ஒரு நாளும் இல்லை, சில நாட்கள், பாதி நாட்களுக்கு மேல், கிட்டத்தட்ட தினமும். ஒன்றைத் தொட்ட பிறகுதான் அடுத்த கேள்விக்குத் தள்ள முடியும்.

“சார், அவங்களேதான் தொடணும். நீங்க எதிர்ல உக்காருங்க, ஸ்கிரீனப் பாக்காதீங்க. வெளக்கம் சொல்லாதீங்க. உதாரணம் வேணவே வேணாம் சார்” என்று கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

முப்பத்து நான்கு வருடம் பாடம் நடத்தியவனிடம் உதாரணம் சொல்லாதே என்றால் எப்படி? செலியமேட்டில் முதல் வீட்டிலேயே மீறினேன். ‘எதிலும் ஆர்வம் இல்லாமல் இருந்தீர்களா’ என்று டேப்லெட் கேட்டது. அஞ்சலாட்சி அம்மாள் விழித்தார். “அதாவதும்மா, டிவில சீரியல் ஓடும்போது பாக்கவே தோணாம இருக்கும் பாருங்க, அந்த மாதிரி” என்றேன்.

“எங்க வூட்டு டிவி கெட்டு ஆறு மாசமாவுது சார். நீங்களே எதுனா ஒண்ணத் தொட்டு வுடுங்க” என்றார் அவர். தொட்டுவிட்டேன், கோதண்டம். நல்ல பதிலாகப் பார்த்துத் தொட்டேன். ஒரு பிள்ளை தப்பான விடை எழுதப் போகும்போது மேசையோரம் நின்று ‘இன்னொரு தடவை யோசி’ என்று சொல்வோமே, அந்தப் புத்தி. நமக்குத் தெரிந்தவர்கள் சோகமாக இருப்பது எனக்குத் தப்பான விடையாகவே பட்டது.

மூன்றாம் நாள் மத்தியானம் உன் கடைக்கு வந்தேன். சாமான் வாங்க வந்த ஆள் யாரும் இல்லை. உன் கையில் டேப்லெட்டைக் கொடுத்துவிட்டு வாசலில் நின்றேன். ரோட்டில் போன பழைய ஹெட்மாஸ்டர் வண்டியை நிறுத்தினார். அவரிடம் பென்ஷன் ஆபீஸ் கதை பேசிவிட்டுத் திரும்பியபோது, ‘இனி எதற்கும் பயனில்லை என்று மனம் சோர்ந்து போனதுண்டா’ என்ற கேள்வி திரையில் இருந்தது. ‘கிட்டத்தட்ட தினமும்’ என்ற கட்டம் நிறம் மாறியிருந்தது.

“இன்னாடா இது, தினமும்னு போட்டுக்கீற?”

“உன் மூஞ்சியத் தினமும் பாக்கறவன் வேற இன்னா போடுறது?”

சிரித்தாய். நானும் சிரித்தேன். உன் கையிலிருந்து டேப்லெட்டை வாங்கி ‘சில நாட்கள்’ என்று மாற்றி, அடுத்த கேள்விக்குத் தள்ளினேன்.

“ஏண்டா மச்சான், பரீட்சை பேப்பரா இது, நீ திருத்தறதுக்கு?” என்றாய். அதற்கும் சிரித்தோம்.

நீ தொட்டதை அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எனக்கு அப்போதே தெரியும். ‘ஆய்வாளர் இவரிடம் இன்றே நேரில் பேச வேண்டும்’ என்று திரையில் ஒரு மஞ்சள் பெட்டி வரும்; நிவேதா முன்பே சொல்லியிருந்தாள். நிவேதா வருவாள். கடைத்தெருவில் நாலு பேர் என்ன ஏது என்று கேட்பார்கள். உன் மானத்தைக் காப்பாற்றியதாக அன்றைக்கு என்னையே மெச்சிக்கொண்டேன். உண்மை அது மட்டும் இல்லையடா. தினமும் சாயங்காலம் உன்னோடு உட்கார்ந்து டீ குடிப்பவன் நான். நீ தினமும் சோர்ந்து கிடக்கிறாய் என்றால், நான் எதற்கு வந்து போகிறேன்? அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்று மாதம் கழித்துக் கடையிலேயே சரிந்து விழுந்தாய். மாரடைப்பு என்றார்கள். கல்லாப்பெட்டி அறையில் பிரஷர் மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் அப்படியே இருந்தன. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் திருபுவனையில் குடியிருக்கும் உன் மகள் செல்வி அவற்றை எடுத்து வந்து என் முன்னால் கொட்டினாள்.

“பாருங்க மாமா. மாத்திரய நிறுத்திட்டாரு. மனசு சரியில்லன்னு ஒரு வார்த்த யாருகிட்டயாவது சொன்னாரா? திருபுவனையிலேருந்து இங்க வர எம்மா நேரம் ஆவும்? எங்களயெல்லாம் அவரு மனுசனாவே நெனைக்கல.”

நான் தலையாட்டினேன். ‘ஆமாம்மா, அவன் அப்படித்தான், எதையும் வெளியில் காட்டமாட்டான்’ என்று வேறு சொன்னேன். அன்றிலிருந்து அவள் உன்மேல் கோபமாகவே இருக்கிறாள். உன் படத்தைக்கூடச் சுவரில் மாட்டவில்லை.

போன மாதம் நிவேதா லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தாள். காபியைத் தொடவில்லை. “சார், ஒங்க டேப்லெட்ல மட்டும் பதில் நெறைய மாறியிருக்கு. மொதல்ல ஒண்ணு, அப்புறம் இன்னொண்ணு. எல்லாமே கஷ்டம்ங்கிற பக்கத்துலேருந்து நல்லா இருக்கேன்ங்கிற பக்கத்துக்கே மாறுது. ஏன் சார்?”

“அழிச்சது கூடவா அதுல இருக்கு?”

“எத தொட்டாலும் எழுதி வச்சிக்கும் சார். எத்தன விநாடி யோசிச்சாங்கங்கிறது வரைக்கும்.”

அதில் பெயர்கள் இல்லை, எண்களும் நேரமும்தான். மூன்றாம் நாள் மத்தியானத்தை நானே தேடிக் கண்டுபிடித்தேன். அந்தக் கேள்விக்கு முன்புவரை நீ ஒவ்வொன்றுக்கும் நாலைந்து விநாடிதான் எடுத்திருக்கிறாய். அந்த ஒன்றுக்கு மட்டும் நாற்பத்தோரு விநாடி. அதற்குப் பிறகு ‘கிட்டத்தட்ட தினமும்’. பிறகு ஒரு மாற்றம்.

வாசலில் நான் பென்ஷன் கதை பேசிக்கொண்டிருந்தபோது நீ அங்கே தனியாக அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். விளையாட்டுக்குப் பதில் சொல்பவன் அவ்வளவு நேரம் யோசிப்பானா? வகுப்பில் ஒரு பையன் கேள்விக்கு உடனே கத்தினால் வேடிக்கை; தலை குனிந்து நேரமெடுத்துச் சொன்னால் அது அவன் மனதிலிருந்து வருவது. எத்தனை பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன். உன்னிடம் எனக்குத் தெரியாமல் போனதா, தெரிந்தும் நகர்ந்துவிட்டேனா?

நிவேதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. “ஒங்கள நம்பித்தான் சார் பாகூர் பக்கம் முழுக்கக் குடுத்தேன்” என்றாள். என் டேப்லெட்டில் பதிவான ஒன்றும் ஆராய்ச்சிக்கு ஆகாது. “பரவால்ல சார், எல்லாரயும் திரும்பக் கேட்டுக்கலாம்” என்று தொடங்கியவள், என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

போன வாரம் அஞ்சலாட்சி அம்மாள் வீட்டுக்கு வழிகாட்டிவிட்டு நான் தெருமுனையிலேயே நின்றுகொண்டேன். இந்த முறை அவரே தொட்டாராம். மஞ்சள் பெட்டி வந்தது. நிவேதா ஒரு மணி நேரம் அவரோடு உட்கார்ந்து பேசிவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நாள் குறித்துவிட்டு வந்தாள். அந்த ஒரு மணி நேரம் உனக்கும் வந்திருக்க வேண்டியது.

வரும் ஞாயிற்றுக்கிழமை செல்விக்கு லீவு. கடையைத் திறந்து சாமான்களை ஒழிக்க வருகிறாள். நானும் போகிறேன். ‘உன் அப்பா சொல்லாமல் போகவில்லை. வாய்விட்டு இல்லையென்றாலும் விரலால் தொட்டுச் சொன்னான். அதை அழித்தது நான்’ என்று அவளிடம் சொல்லப்போகிறேன். உதாரணம் எதுவும் இல்லாமல், சிரிக்காமல் சொல்வேன். இது சத்தியம். உன்மேல் வைத்திருக்கும் கோபத்தை அவள் என்மேல் மாற்றிக்கொள்ளட்டும். அதற்குப் பிறகாவது உன் படம் சுவரில் ஏறும்.

அவள் இனி மாமா என்று கூப்பிடாமல் போனாலும்,
என்றும் உன் மச்சான்,
தேசிங்கு