நீ படமெடுத்த சிலுவைகள்

மரியே வாழ்க

மூஞ்சிக்கல், கொடைக்கானல்
9.11.2024

அன்பு மகள் ஷைலாவுக்கு,

கல்லறைத் திருநாளன்று நம் வீட்டிலிருந்து பண்ணைக்காட்டுக் கல்லறைக்குப் போனவர்கள் நான், உன் அப்பா, அண்ணன் ஜெரால்டு, நீ. நாலே பேர். மெழுகுவர்த்தி ஏற்றுகிற சாக்கில் என் அம்மா, அக்கா, சின்னம்மா மூவரின் சிலுவைகளை மட்டும் போனில் படமெடுத்தாய். பெயரும் வயதும் தெரிய, கிட்டப் போய். அப்பா வீட்டார் அடுத்த வரிசையில்தானே கிடக்கிறார்கள்? அந்தப் பக்கம் நீ திரும்பவே இல்லை.

“செத்தவங்களும் உன் ஆராய்ச்சிக்குச் சம்மதக் கையெழுத்துப் போட்டுட்டாங்களா?” என்று ஜெரால்டு கேலி செய்தான். “நீங்க வேற அண்ணே” என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குச் சரியாகப் படவில்லை.

மூவருமே மாரில் கட்டி வந்து, ஐம்பதுக்குள் போனவர்கள். உனக்குத் தெரிந்ததுதான். இப்போது எதற்குப் படம்? போனில் கேட்டால் அப்பா காதில் விழும். அதனால் எழுதுகிறேன். சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

உன் அம்மா
கித்தேரியம்மாள்

பெங்களூரு
20.11.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் நினைக்கிற மாதிரி ஒன்றுமில்லை. என் வேலைதான் உங்களுக்குத் தெரியுமே. பரம்பரை நோயை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் புதுப் பரிசோதனைகள் வந்துவிட்டன. முடிவைக் கையில் வாங்கிய பெண்ணின் மனசு என்ன பாடுபடுகிறது, வீட்டில் யாரிடம் சொல்கிறாள் என்று பத்து வருஷமாகக் கேட்டு எழுதுகிறேன். நிறையப் பேர் எல்லாருக்கும் கடைசியாகத்தான் அம்மாவிடம் சொல்கிறார்கள். “எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா, தன்னாலதான் வந்துச்சுன்னு முழங்கால்லயே நின்னுருவாங்க” என்றாள் ஒருத்தி.

ஒரு மாதிரிக்காகத்தான் நம் குடும்பத்திலும் யார் யாருக்கு நோய் வந்தது என்று வரைந்து பார்த்தேன். உங்கள் ரத்தமும் கொஞ்சம் கிடைத்தால் நல்லது. திண்டுக்கல் ஆய்வகத்தில் சொல்லிவைத்திருக்கிறேன். அப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

அன்பு முத்தங்களுடன்
ஷைலா

மரியே வாழ்க

மூஞ்சிக்கல்
29.11.2024

ஷைலா,

உன் கடிதத்தை மாதா படத்துக்குக் கீழே வைத்து மறுபடி மறுபடி படித்தேன். வெறும் மாதிரிக்கு என் ரத்தம் எதற்கு?

இன்னொன்று. உன்னிடம் பேசுகிற பெண்களைப் பற்றி நான் எத்தனையோ முறை துருவிக் கேட்டிருக்கிறேன். “அவங்க என்னை நம்பிச் சொன்னதும்மா, வெளிய சொல்லக்கூடாது” என்று வாயை மூடிக்கொள்வாய். பத்து வருஷத்தில் ஒருத்தி சொன்னதையும் நீ வீட்டில் சொன்னதில்லை. இப்போது மட்டும் வரி மாறாமல் எழுதியிருக்கிறாயே, அவள் கோபித்துக்கொள்ள மாட்டாளா?

அவள் யாரென்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

முழங்காலில் நிற்பது எனக்குப் புதிதா? அதற்குப் பயந்து மறைக்காதே. திங்கட்கிழமை வெள்ளனே பஸ் ஏறி, திண்டுக்கல் போய் ரத்தம் கொடுக்கிறேன். அப்பாவிடம் ஜவுளி எடுக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். பொய்தான். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

கோவிலில் உன் பெயருக்கு ஒரு பூசை கேட்டேன். சாமியார் என்ன கருத்துக்கு என்றார். நன்றிக்கா, நோய் நீங்கவா? “அப்புறம் சொல்றேன் சாமி” என்று வந்துவிட்டேன்.

அந்த ஒருத்தி நீயா? வெரசா பதில் எழுது.

அம்மா