டார்ச் அசையக்கூடாது

டீச்சரம்மா,

தூங்குகிறாய், எழுப்பவில்லை. முட்டை அவித்து வைத்திருக்கிறேன். சாவி செருப்பு அலமாரிமேல்.

பாப்பா இன்று வகுப்பில் இரவு பகல் செய்துகாட்ட வேண்டும். நேற்று நான் பந்தை மேசையில் வைத்துவிட்டு, டார்ச்சோடு அதைச் சுற்றி வந்தது தப்புத்தான். துணிக்கடைக்காரன் புத்தி: வாடிக்கையாளர் அசையமாட்டார், நாம்தான் சரக்கோடு சுற்றி வருவோம். அதற்காக அவள் எதிரிலேயே, “உங்கப்பாவுக்குச் சூரியன்கூட சேல்ஸ்மேன்தாண்டி!” என்று நீ சிரித்திருக்க வேண்டாம். நானும் பேசாமல் படுத்திருக்க வேண்டாம்.

கிளம்புமுன் நீயே சரியாகச் சொல்லிக்கொடு. டார்ச் அசையக்கூடாது, பந்துதான் சுழலணும். நம் வீடென்று அவள் ஒட்டிய ஸ்டிக்கர் வெளிச்சத்துக்கு வந்தால் பகல்.

பி.கு.: டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டுவிட்டேன்.

இன்னொன்று: சாயங்காலம் முகத்தைத் திருப்பினால் திருப்பிக்கொள். சுழலுகிற உருண்டை இந்தப் பக்கம் வராமலா போகும்? நான் அசையாமல் நிற்கிறேன்.