கடலுக்குப் போகிற ஒயில்

ஜூன் 9, செவ்வாய்

சோளகக் காற்று தொடங்கிவிட்டது. கார்க் கண்ணாடி முழுக்க உப்பு. கழுவித் துடைத்து எட்டு மணிக்குப் பட்டணம்.

வாங்க வேண்டியவை: கோதுமை மா, பனடோல், குசினிக்குப் பல்ப், அக்காவின் முழங்காலுக்குப் பூச்சுத் தைலம், காருக்கு ஒயில். ஒயிலைத் தவிர எல்லாம் வாங்கியாயிற்று.

கார்க் கொம்பனியின் சேர்விஸ் பகுதி. குளிரூட்டி, சோபா, சத்தமில்லாமல் ஓடும் தொலைக்காட்சி. மேசையில் கழுத்துக்கு ரை கட்டிய ஒரு தம்பி. 0W-20 ஒயில் இருக்கிறதா என்று கேட்டேன்.

"அது தண்ணி மாதிரி அம்மா. எங்கட வெயிலுக்குக் கொஞ்சம் தடிப்பாத்தான் விடவேணும். பரலில கிடக்கு, இப்பவே மாத்திவிடலாம்."

போன முறையும் இதையே சொல்லித்தான் பீப்பாவில் கிடந்த பரல் ஒயிலை ஊற்றினார்கள். அன்றிலிருந்து கார் முனகுகிறது. பண்ணைப் பாலத்தில் எதிர்காற்றுக்கு ஏறவே மாட்டேன் என்று நின்றது. தவக்காலத்தில் ஒரு நாள் வேலணையில் நின்றே போனது.

தம்பியை வெளியே கூட்டிக்கொண்டு போய் பொனற்றைத் திறந்து ஒயில் மூடியைக் காட்டினேன். "என்ன எழுதியிருக்கு, வாசியும்."

வாசித்தான். "அது ஜப்பான் காலநிலைக்கு எழுதினது அம்மா."

"காரும் ஜப்பான்காரன் செய்ததுதான். நான் செய்யேல்லை."

பக்கத்தில் நின்ற மெக்கானிக் சிரித்தான். தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. கடைசியில், கொழும்பிலிருந்து சீல் வைத்த கான் எடுப்பிக்கலாம், அடுத்த புதன் வரும் என்றான். மெக்கானிக் ஒயில் அளவு பார்க்கிற கம்பியை இழுத்துப் பார்த்துவிட்டு, ஒயில் நன்றாகக் குறைந்துவிட்டது, புதன் வரைக்கும் பரலில் இருந்து கொஞ்சம் விடட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று வந்துவிட்டேன். வீம்புதான். என் மனிசன், இவர், உயிரோடு இருந்தபோது யாரும் இவருக்குத் "தண்ணி மாதிரி" என்று விளக்கம் சொன்னதில்லை. போய் நின்றாலே சரியான கான் வரும். காரோடு வந்த புத்தகம் முழுக்க ஜப்பான் எழுத்து. அதில் எனக்கு வாசிக்கத் தெரிந்தது அந்த எண் ஒன்றுதான். அதையும் விட்டுக்கொடுப்பதா?

மகன் பிரான்சிலிருந்து போன் எடுத்தான். "அம்மா, இன்னொருக்கா வழியில நிண்டுதெண்டா விக்கிறதுதான். சொல்லிப்போட்டன்." ஓம் என்றேன். தவக்காலத்திலேயே சம்மதித்ததுதான். அவனுக்கு அது ஒரு பழைய கார். எனக்கு, அது போனால் கடைசி பஸ்ஸுக்குப் பிறகு ஊர்காவற்றுறையை விட்டு அசைய ஏலாது.

ஜூன் 10, புதன்

பல்ப் மாற்றினேன். கதிரையில் ஏறும்போது தலை சுற்றியது. விழுந்தால் யார் பார்ப்பது என்று யோசித்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

கார் எடுக்கவில்லை. ஒயில் இல்லாமல் ஓட்டிக் கெடுக்கக் கூடாது. பின்னேரம் என்ன செய்வதென்று தெரியவில்லை. இவர் போன பிறகு ஒரு பழக்கம் பிடித்திருக்கிறது: குறிகட்டுவான் வரைக்கும் ஓட்டிப் போய் இறங்குதுறையில் காரை விட்டு, நயினாதீவு வள்ளங்களில் ஆட்கள் ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு வருவது. போன ஞாயிறு ஒரு பெண் கேட்டாள், "ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள் அன்ரி?" நெடுந்தீவிலிருந்து அக்கா வருகிறா என்றேன். அன்று நெடுந்தீவு வள்ளம் எப்போதோ போய்விட்டது. அவளுக்குத் தெரிந்திருக்கும்.

பக்கத்து வளவில் யூட் வீடு. யூட் கடலுக்குப் போகிறவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். பிள்ளைகள் சண்டை, மீன் பொரிக்கிற மணம், றேடியோ, தாய் கத்துகிற சத்தம். சில நாளைக்கு எரிச்சல் வரும். அவர்கள் கோயிலுக்குப் போய் வீடு சத்தமில்லாமல் கிடந்தால் அதுவும் பிடிப்பதில்லை.

யூட் வேலிக்கு மேலால், "என்னக்கா, கார் படுத்திட்டுதோ?"

"படுக்கேல்லை. ஒயில் அடிக்குப் போயிட்டுது. அடுத்த புதன்தான் வருமாம்."

"ஒயில் இல்லாமல் எஞ்சினை வச்சிருக்கப்படாது அக்கா."

"எனக்கும் தெரியும் யூட்."

கொஞ்சம் வெடுக்கென்று சொல்லிவிட்டேன். பாவம், கேட்க வந்த மனிசன்.

ஜூன் 12, வெள்ளி

பூசை. பாண். தண்ணீர்த் தாங்கி கழுவினேன்.

நாளை நெடுந்தீவு, அக்காவிடம். மூன்று நாலு நாள் நின்று வரலாம். பஸ்ஸில்தான் துறைக்குப் போக வேண்டும். காரின் பற்றறி பழசு, சும்மா நின்றால் இறங்கிவிடும். அதனால் இரண்டாவது திறப்பை, கார்ச் சாவியை, யூட்டிடம் கொடுத்து, ஒருக்கா ஸ்ராட் பண்ணிவிடச் சொன்னேன். கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கினார். இவருடைய திறப்பு அது. இத்தனை மாதம் அலுமாரிக்குள் கிடந்தது.

ஜூன் 14, ஞாயிறு. நெ.தீவு

வரும்போது பெரிய கடல். எனக்கு முன்னால் இருந்தவள் செபமாலை சொல்வதும் பைக்குள் சத்தி எடுப்பதும் மாறி மாறி.

அக்காவுக்குக் காது இன்னும் மோசம். நான் கார் கதை சொன்னேன், அவ ஆட்டுக்குக் காய்ச்சல் என்றா. அப்படியே இரண்டு பேரும் இரண்டு கதை பேசிக்கொண்டு பின்னேரம் வரை இருந்தோம். தைலம் பூசிவிட்டேன். "நல்ல சுகமடி" என்றா. அது மட்டும் ஒரே கதையாக இருந்தது.

காற்று நிற்கவே இல்லை.

ஜூன் 16, செவ்வாய்

வந்து சேர்ந்தேன். உடுப்பெல்லாம் உப்புத்தண்ணீர்.

கேற்றடியில் யூட் நின்றார். நான் பையை வைக்க முதலே தொடங்கிவிட்டார்.

"கார் ஸ்ராட் பண்ணினனான் அக்கா. அதுக்கு முதல் ஒயில் பாத்தன். கடலுக்குப் போற நாங்கள் ஒயில் பாக்காமல் எஞ்சினில கை வைக்கமாட்டம். உங்கடதில கம்பி நுனியில மட்டும்தான் கிடந்தது. என்னட்டப் புது ஒயில் ரின் ஒண்டு இருந்தது, அதை உடைச்சு ஊத்திவிட்டிருக்கிறன். நல்ல சாமான் அக்கா, கலப்படம் இல்லை. இனி மாதாமாதம் நானே பாத்து விடுறன், நீங்கள் யோசியாதேங்கோ."

என்ன ஒயில் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். சோளகத்தில் பாதி நாள் தொழில் இல்லை, அவருக்கே அந்த ரின் தேவை. குசினிக்குள் போய் நின்று அழுதேன். இவர் போன பிறகு, நான் வாய் திறந்து கேட்காமல் ஒருவர் எனக்கு ஒரு வேலை செய்தது இதுதான் முதல்.

நாளை எப்படியும் சேர்விஸ் பகுதிக்குப் போகிறேன்தானே. அங்கே பார்க்கலாம்.

ஜூன் 17, புதன்

எழுத நிறைய. முதலில்: கார் சுகம்.

வேலணை தாண்டும்போது பின்னால் ஏதோ தெரிந்தது. கண்ணாடியில் பார்த்தால் புகை. வெள்ளையும் நீலமுமாக ரோட்டையே மறைத்துக்கொண்டு வருகிறது. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரன் கிட்ட வந்து, "அம்மா, எரியுது போல, நிப்பாட்டுங்கோ" என்றான். அல்லைப்பிட்டியில் கோயிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். மகனின் குரல் காதுக்குள். ஆனால் கார் தானாக நிற்கவில்லை, நான்தான் நிறுத்தினேன். அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு ஆமை வேகத்தில் பட்டணம். பண்ணைப் பாலத்தில் எல்லோரும் என்னை விலத்திக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்துப் போனார்கள்.

மெக்கானிக் கம்பியை இழுத்தான். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனான். ரை கட்டிய தம்பியைக் கூப்பிட்டான்.

"நீலமாக் கிடக்கு. இது போட் மோட்டருக்குப் பெற்றோலோட கலக்கிற ஒயிலெல்லோ. கடலுக்குப் போற ஒயில்."

தம்பி என்னைப் பார்த்தான். "ஆர் அம்மா ஊத்தினது?"

"நான்தான்."

எப்படி வந்தது என்று தெரியாது, வந்துவிட்டது. அந்தத் தம்பியின் முகத்தை மறக்க மாட்டேன். 0W-20 தவிர வேறொன்றும் தொட விட மாட்டேன் என்று ஒரு கிழமைக்கு முன் பொனற்றைத் திறந்து வகுப்பு எடுத்த மனிசி, வள்ளத்து ஒயிலை ஊற்றிக்கொண்டு வந்து நிற்கிறா. உள்ளே போய் மற்றவர்களுக்கும் சொல்லியிருக்கிறான். கண்ணாடிக்குள் இரண்டு பேர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். தேத்தண்ணி தந்தார்கள், குடித்தேன். யூட்டின் பெயரை இந்தப் பிள்ளைகளின் வாயில் விழவிட எனக்கு மனமில்லை.

எல்லாவற்றையும் வடித்து, கழுவி, திரும்ப வடித்தார்கள். நல்ல காலம், எஞ்சினுக்கு ஒன்றும் இல்லை. கொழும்புக் கானை என் கண் முன்னால் சீல் உடைக்கச் சொன்னேன். உடைத்தார்கள்.

"இனி நீங்களா ஒண்டும் ஊத்தாதேங்கோ அன்ரி." ரை கட்டிய தம்பிக்கு நான் அம்மா போய் அன்ரி ஆகிவிட்டேன்.

திரும்பி வரும்போது காரில் சத்தமே இல்லை. பாலத்தில் எதிர்காற்றுக்குள் கத்தி போல் போனது. எனக்குத்தான் மனம் சரியில்லை. யூட்டுக்குச் சொன்னால் மனிசன் உடைந்துபோவார். சொல்லாவிட்டால் அடுத்த மாதம் இன்னொரு ரின் உடைப்பார்.

ஜூன் 18, வியாழன்

ஒரு வழி கண்டுபிடித்தேன். வேலியடிக்குப் போய், "யூட், அந்தத் திறப்பை ஒருக்காத் தாரும். ரெண்டும் என்னட்டயே இருக்கட்டாம் எண்டு மகன் சொல்லுறான்" என்றேன்.

யூட் ஒரு கணம் என்னைப் பார்த்தார். "ஓம் அக்கா." உள்ளே போய்க் கொண்டுவந்து தந்தார். கார் எப்படி ஓடுகிறது என்று கேட்கவில்லை.

அவர் மனமும் நோகவில்லை, காரும் தப்பியது. கெட்டிக்காரிதான் நான் என்று நினைத்துக்கொண்டு புட்டு அவித்தேன்.

ஜூன் 20, சனி

வியாழன் பின்னேரம் முதல் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு கதையும் இல்லை. தொழிலுக்குப் போகிறார், வருகிறார், பார்க்கிறார் இல்லை. பிள்ளைகளும் இந்தப் பக்கம் பந்து விழுந்தால் கூப்பிட்டுக் கேட்பதில்லை, ஓடிவந்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

இன்று காலை கடையடியில் யூட்டின் மனிசி. கடைக்காரர் உள்ளே போகும் வரைக்கும் பார்த்திருந்து, மெல்லக் கேட்டாள்:

"அக்கா, காருக்குள்ள ஏதும் காணாமல் போச்சுதோ? இருந்தாச் சொல்லுங்கோ. இவர் ரெண்டு நாளாச் சரியாச் சாப்பிடேல்லை."

எனக்கு உச்சியில் அடித்தது போல் இருந்தது. இங்கே பாதி வீடுகளின் திறப்பு பக்கத்து வீட்டில்தான் இருக்கிறது. சொந்தக்காரர் கனடாவில், பிரான்சில். கொடுத்த திறப்பைத் திருப்பிக் கேட்டால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? அப்போது என் புத்தி முழுக்க ஒயிலுக்குள் கிடந்தது.

சாமானை அப்படியே கடையில் வைத்துவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். யூட் பாசியும் குப்பையும் எடுத்து வலை தெரிந்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். புகை, நீலம், வடித்தது, திறப்பு, மகன் அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்பது. நான்தான் ஊற்றினேன் என்று அங்கே சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

அவர் வலையை விட்டு நிமிரவில்லை.

"என்ர எஞ்சினுக்கு நல்லதெண்டா எல்லா எஞ்சினுக்கும் நல்லதெண்டு நினைச்சன். பிழைதான்." ஒரு பாசியைப் பிய்த்தெறிந்துவிட்டு, "அண்டைக்கே சொல்லியிருக்கலாமேயக்கா. பிழை விட்டவன் எண்டாத் தாங்குவன். கள்ளன் எண்டு நினைச்சிட்டியளோ எண்டுதான் எனக்கு ஏலாமல் போச்சு."

"நான் உம்மை அப்பிடி நினைப்பனோ யூட்?"

"திறப்பை வாங்கினியளே."

திறப்பைக் கொண்டுபோயிருந்தேன். நீட்டினேன். "இந்தாரும். முந்தி மாதிரி வச்சிரும்."

"உங்களிட்டயே இருக்கட்டும் அக்கா." கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் நானும் இரண்டு வார்த்தை கதைத்திருப்பேன். மனிசி தேத்தண்ணி கொண்டுவந்தாள். மூன்று பேரும் சோளகத்தைப் பற்றிக் கதைத்தோம்.

ஜூன் 22, திங்கள்

காற்று கொஞ்சம் குறைவு. உடுப்புத் தோய்த்தேன். காலையில் யூட், "என்னக்கா, பாடு எப்பிடி?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார். வழியில் காண்கிற யாரிடமும் கேட்பது போல.

கார் அருமையாக ஓடுகிறது. குறிகட்டுவான் வரை போகலாம் என்று திறந்து, உள்ளே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பகல் போன் அடித்தது. மகன் என்று ஓடினேன். ஒரு பெட்டைப்பிள்ளை, கொழும்புத் தமிழ். கார்க் கொம்பனியில் இருந்தாம், சேர்விஸ் செய்த எல்லோருக்கும் போன் எடுத்து விசாரிப்பார்களாம்.

"சேர்விஸ் உங்களுக்குத் திருப்தியா இருந்திச்சா மேடம்?"

ஓம் என்றேன்.

"நீங்க கேட்ட ஒயில்தானே போட்டாங்க?"

ஓம், சரியான ஒயில்.

"பத்துக்கு எத்தனை குடுப்பீங்க மேடம்?"

பத்து என்றேன். சந்தோசப்பட்டாள். பின்னால் நிறையப் பெட்டைகள் ஒரே நேரத்தில் கதைக்கிற சத்தம் கேட்டது.

"வேற ஏதாவது சொல்ல விரும்புறீங்களா மேடம்?"

கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.

"ஓம் பிள்ளை" என்றேன். "உமக்குக் கொஞ்ச நேரம் இருக்கோ?"